தொட்டால் அரை மணி நேரம்!

"அண்ணா...!"

மாடியிலிருந்து வந்த அலறலில் பாம்பு சாரின் கையிலிருந்த பல் செட் நழுவித் தரையில் விழுந்தது. இரண்டாகப் பிளந்தது.

மதியம் இரண்டு மணி பத்து நிமிடம்.

மாலைக்குள் ஒரு பெரியவரின் வாய்க்குப் போய்ச் சேர வேண்டிய மேல்வரிசை அது. பாம்பு சார் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பட்டறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். ஐம்பத்தாறு வயது முழங்கால்கள் முனகின. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார்.

படுக்கையறை வாசலில் தங்கை நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"எழுப்பறேன்... எழுந்திருக்கவே மாட்டேங்கறார்ண்ணா."

கட்டிலில் மாப்பிள்ளை மல்லாந்து கிடந்தார். தங்கையின் கணவர். அச்சகத்தில் இரவு ஷிஃப்ட் சூப்பர்வைசர். காலை ஒன்பது மணிக்கு வந்து, இரண்டு தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தால், மூன்று மணி வரை இடி விழுந்தாலும் அசையாத ஆசாமி.

இன்று மூன்று மணிக்கும் அசையப் போவதில்லை.

உதடு நீலம். நெற்றி ஜில்லென்று இருந்தது. தலைமாட்டில் இரண்டு தலையணைகள். ஒன்றில் கசங்கிய நீலப்பூ உறை. இன்னொன்றில் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளை உறை.

இடது முன்கையில் வளைந்த வரிசையாகப் பொடிப்பொடிச் சிவப்புப் புள்ளிகள்... பல் தடம்!

முப்பது வருடமாகப் பல்லை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவருக்கு அது யாருடைய பல் என்று தெரியாதா?

குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார்.

சுவரோரமாக, கறுப்பு உடம்பும் வெள்ளைப் பட்டையுமாகச் சுருண்டு கிடந்தது.

ஜட்ஜ்!

*

பாம்பு சாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது அவருக்கே பாதி மறந்துவிட்டது. ஏழு வயதில் பென்சில் டப்பாவுக்குள் ஒரு புழுப்பாம்பைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், டீச்சரை மேஜை மேல் ஏற்றிய நாளிலிருந்து அவர் 'பாம்பு'. தலை நரைத்ததும் மரியாதைக்கு ஒரு 'சார்' ஒட்டிக்கொண்டது.

வீட்டின் கீழ்த்தளத்தில் முன்னறை, பல் செட் பட்டறை. பின்னறை, அவருடைய சொர்க்கம்.

பத்தொன்பது கண்ணாடித் தொட்டிகள். சாரை, மண்ணுளி, உடும்பு, ஓணான்கள், கண் தெரியாத கிழட்டு ஆமை ஒன்று. எல்லாவற்றுக்கும் தண்ணீர்க் கிண்ணம் உண்டு. பல் செட்டில் ஈறு செய்கிற அதே பிங்க் மாவில் அவரே வார்த்தது! ஆளுக்கொரு நோட்டுப் புத்தகமும் உண்டு. எது எப்போது தின்றது, எப்போது சட்டை உரித்தது என்று தேதி வாரியாக எழுதி வைத்திருந்தார்.

கல்யாணம்? ஒரே ஒரு முறை பெண் பார்க்கப் போனார். சட்டைப் பையிலிருந்து ஓணான் எட்டிப் பார்த்தது. அதோடு சரி.

அந்தச் சொர்க்கத்தின் ராஜாதான் ஜட்ஜ். கறுப்பு அங்கி, வெள்ளைப் பட்டை. அதனால் அந்தப் பெயர். பகலெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் சுருண்டு தூங்கும். தொட்டி மேல் சிவப்புப் பெயின்ட்டில் பாம்பு சார் கைப்பட எழுதிய போர்டு.

'கட்டுவிரியன். தொட்டால் அரை மணி நேரம்!'

அதாவது, தொட்டவனுக்கு அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் ஆயுள்.

ஆறு வருடமாகத் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. வராதது தங்கை ஒருத்திதான். பல்லியைக் கண்டாலே நாற்காலி மேல் ஏறுகிறவள் அவள். கல்யாணமாகி மாடியில் குடியிருக்கும் பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட அந்தப் பின்னறை வாசலை மிதித்ததில்லை.

*

மூன்றரை மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார்.

கூடவே ஏட்டு. அவருக்கு முன்னால் அவருடைய தொப்பை.

பக்கத்துத் தெரு டாக்டர் ஏற்கெனவே வந்து கையைப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருந்தார். கட்டுவிரியன் கடித்தால் வலிகூடத் தெரியாதாம். தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடுமாம். அவர் சொன்னதை இன்ஸ்பெக்டர் குறித்துக்கொண்டார். ஜட்ஜ் ஊர்ந்து ஹாலுக்கு வந்திருந்தது. ஏட்டு தூரத்திலிருந்தே ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து அதைச் சிறைப்பிடித்தார். வாளிமேல் ஒரு செங்கல். கையில் ஒரு தடி.

இன்ஸ்பெக்டர் கீழே போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். மூடி விலகியிருந்தது. கிளிப் இரண்டும் கழன்றிருந்தன.

"சரியா மூடாம விட்டிருக்கீங்க. தப்பிச்சு மாடிக்கு வந்திருக்கு. பாவம், தூங்கற மனுஷனைக் கடிச்சிருக்கு. விபத்துன்னு எழுதிக்கறேன். என்ன சார்?"

விபத்து!

அந்த ஒரு வார்த்தைக்குத் தலையாட்டியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பாம்பு சாருக்குச் சுருக்கென்றது. ஐம்பது வருட அனுபவம்... அவர் தொட்டியிலிருந்து பாம்பு தப்புவதாவது?

"அதெப்படி சார் தப்பிக்கும்? காலையில நான்தான் டப்பாவோட உள்ள வெச்சு ரெண்டு கிளிப்பும் போட்டேன். வெளியில இருந்து ஒருத்தர் கழட்டினாதான் உண்டு. என் கையில இருந்து இதுவரைக்கும் ஒரு ஓணான்கூடத் தப்பிச்சதில்ல."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"அப்ப யாரோ திறந்திருக்காங்க?"

"ஆமா சார்."

"அந்த ரூமுக்குள்ள யார் யார் போவாங்க?"

"நான் கூட இல்லாம யாரும் போக மாட்டாங்க சார். எல்லாருக்கும் பயம்."

தான் என்ன சொன்னோம் என்பது பாம்பு சாருக்கு அப்போதுதான் உறைத்தது.

நுணலும் தன் வாயால் கெடும்.

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். போன மாதம் இந்த வீட்டு வாசலில் நடந்த சண்டையைத் தெருவே பார்த்ததாம். 'இந்தச் சனியன்களை எல்லாம் பெட்ரோல் ஊத்திக் கொளுத்தறேன்' என்று மாப்பிள்ளை கத்தினாராம். பாம்பு சாரும் பதிலுக்குக் கத்தினாராம்.

"என்னன்னு கத்தினார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

டாக்டர் தயங்கினார். "ஜட்ஜை உன் மேல விட்டேன்னா தெரியும்... அப்படின்னார்."

இன்ஸ்பெக்டர் நோட்டில் 'விபத்து' என்ற வார்த்தையை நிதானமாக அடித்தார்.

*

"அது கட்டுவிரியனே இல்ல சார்!"

பாம்பு சாரின் குரல் உடைந்தது. ஆறு வருடமாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்த ரகசியம் அது.

உண்மை இதுதான். ஆறு வருடத்துக்கு முன் குளியலறை மூலையில் அவர் பிடித்தது வெள்ளிக்கோல் வரையன். பார்ப்பதற்குக் கட்டுவிரியனின் அண்ணன் தம்பி போலவே இருக்கும். விஷம் மட்டும் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. பல்லி தின்று பிழைக்கிற பரம சாது. ஆனால் சாதுவைப் பார்க்க யார் வருவார்கள்? வாழ்நாள் முழுவதும் பாம்பே கதி என்று கிடந்தவரிடம் ஒரு விஷப்பாம்புகூட இல்லை என்றால் வெளியில் சொல்ல வெட்கமாக இருக்காதா? ஒரு டப்பா சிவப்புப் பெயின்ட்தான் செலவு. மறுநாளிலிருந்து தெருவே அவரைப் பயத்தோடு பார்த்தது. அந்தப் பயம் அவருக்குப் பிடித்திருந்தது.

எல்லாவற்றையும் சொன்னார். பட்டை கழுத்திலிருந்தே ஆரம்பிப்பதையும், வால் பக்கம் மங்கிப் போவதையும், கட்டுவிரியனுக்கு அது நேர்மாறாக இருக்கும் என்பதையும் மூச்சு வாங்க விளக்கினார்.

இன்ஸ்பெக்டர் கொட்டாவியை அடக்கிக்கொண்டார்.

"போர்டு எழுதினது யார் சார்?"

"நான்தான்."

"ஆறு வருஷமா ஊரெல்லாம் கட்டுவிரியன்னு சொன்னது?"

"நான்தான்... பொய் சொன்னேன்."

"கொலைன்னதும் இப்ப திடீர்னு உண்மை வருதாக்கும்? வனத்துறை ஆள் வந்து பார்த்துச் சொல்ல நாலு நாள் ஆகும். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் அதுக்கும் மேல. அதுவரைக்கும் நீங்க உள்ள. கீழ் ரூமுக்கு சீல்."

நாலு நாள் சீலா? அந்தக் கிண்ணங்களில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? கண் தெரியாத ஆமைக்கு யார் கீரையை வாயருகே கொண்டுபோய்க் காட்டுவார்கள்? பாம்பு சார் சுற்றுமுற்றும் பார்த்தார். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தங்கை சுவரோடு சாய்ந்து, தலை குனிந்து நின்றிருந்தாள்.

யாருமில்லை. அவருக்காகப் பேச அந்த வாளிக்குள் இருக்கும் ஜீவன் ஒன்றுதான் பாக்கி.

செங்கல்லைத் தட்டிவிட்டார். வாளியைத் தூக்கினார்.

"யோவ்...!" ஏட்டு அலறினார்.

பாம்பு சார் ஜட்ஜை வெறுங்கையால் அள்ளி எடுத்தார். கழுத்தருகே லேசாக அழுத்தினார். அது அவருடைய கட்டைவிரல் மேட்டில் நறுக்கென்று பல்லைப் பதித்தது. ரத்தம் துளிர்த்தது.

"பாருங்க சார். நல்லாப் பாருங்க. நான் சாகறேனான்னு பாருங்க."

கையை இன்ஸ்பெக்டர் பக்கம் நீட்டினார். ஜட்ஜ் வழுக்கிச் சொத்தென்று தரையில் விழுந்தது. விழுந்த வேகத்தில் விறுவிறுவென்று ஊர்ந்தது...

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். அன்றைக்குப் படை முழுவதும் ஃபர்னிச்சர் மேல் இருந்தது. ஏட்டு, தொப்பையோடு சாப்பாட்டு மேஜை மேல். டாக்டர், சோபாவின் முதுகில். இன்ஸ்பெக்டர், நாற்காலி மேல்.

பாம்பு சார் குனிந்து, தரையோடு தரையாக ஜட்ஜைத் துரத்தினார். அது சுவரோரமாக ஓடியது. அங்கே இரண்டு கால்கள் தரையில் இருந்தன.

ஜட்ஜ் நெருங்கியது. வலது பாதம் சாவகாசமாக ஓரடி நகர்ந்து அதற்கு வழி விட்டது. குறுக்கே வரும் பூனைக்குட்டிக்கு வழிவிடுகிற மாதிரி.

பாம்பு சார் மெல்ல நிமிர்ந்து பார்த்தார்.

தங்கை!

*

ஜட்ஜ் மறுபடி வாளிக்குள் போனது. இறங்கி வந்த இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி. உங்க போர்டே சொல்லுதே, அரை மணி நேரம்னு. உட்காருவோம்."

உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று டாக்டர் பதறினார். பாம்பு சார் அசையவில்லை. டாக்டர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்றது.

எல்லோரும் பாம்பு சாரைப் பார்த்தார்கள். பாம்பு சார் தங்கையைப் பார்த்தார்.

பல்லிக்கு நாற்காலி ஏறுகிறவள் ஏன் நகரவில்லை? அண்ணனைக் கட்டுவிரியன் கடித்திருக்கிறது. ஊரே அப்படித்தான் நம்புகிறது. அவள் மட்டும் ஏன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை? உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்த கை நடுங்கக்கூட இல்லை. அது சாதுப்பாம்பு என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்கு முன் அவர் யாரிடமும் சொன்னதில்லை; இன்று சொன்னதையும் யாரும் நம்பவில்லை. பிறகு எப்படித் தெரியும்?

அந்தப் பாம்பு கடித்தும் சாகாத ஒருவரைக் கண்ணால் பார்த்திருந்தால்தான் தெரியும்.

பத்து நிமிடம் ஆகியிருந்தது.

திறந்திருந்த படுக்கையறைக் கதவு வழியே அந்த வெள்ளைத் தலையணை தெரிந்தது. இப்போது அதை அவரால் பார்க்க முடியவில்லை.

தண்ணீர் கொடுத்தபோது அவளுடைய மணிக்கட்டில் அடிபட்டுக் கன்றிப் பச்சையாகிப்போன ஒரு பழைய தடத்தைப் பார்த்தார். இந்த வருடம் மட்டும் மூன்று முறை காயம். ஒரு முறை கை. ஒரு முறை விலா. ஒரு முறை கண் வீங்கி மூடியே போயிருந்தது. 'குளியலறையில வழுக்கிட்டேன்ணா' என்றாள். 'பார்த்து நடம்மா' என்றார். சொல்லிவிட்டுச் சாரைக்குத் தீனி வைக்கப் போய்விட்டார். பாம்பின் கண் லேசாக மங்கினாலே, இன்னும் எத்தனை நாளில் சட்டை உரிக்கும் என்று கணக்குச் சொல்கிற மனிதர் அவர். கூடப் பிறந்தவளின் கண் வீங்கியது அவர் கண்ணில் படவில்லை. மாடியில் தடதடவென்று சத்தம் கேட்கும்போதெல்லாம் ரேடியோவைக் கூட்டி வைத்தார். உடும்பு மிரளுமே என்று!

நெஞ்சு அடைத்தது. விஷத்தால் இல்லை.

இப்போது என்ன செய்வது? கொலை என்று வாயைத் திறந்து சொன்னதே அவர்தான். விஷமில்லை என்று கையை நீட்டி நிரூபித்ததும் அவர்தான். அரை மணி நேரம் முடிந்தால் அவர் பிழைத்துவிடுவார். அவர் பிழைத்தால் அவள் மாட்டுவாள்.

ஜட்ஜ் நிஜமாகவே கட்டுவிரியனாக இருந்திருக்கக் கூடாதா என்று முதன்முறையாக ஏங்கினார்.

இருபத்தைந்து நிமிடம் ஆனது. இருபத்தெட்டு. இருபத்தொன்பது...

டாக்டர் மணிக்கட்டை விட்டார். "பல்ஸ் கொஞ்சம் வேகமா இருக்கு. மத்தபடி குதிரை மாதிரி இருக்கார்."

இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

"உங்களை நம்பாததுக்கு மன்னிச்சுக்கோங்க சார். பாம்பு கடிச்சு யாரும் சாகல. அப்படின்னா..."

"நான்தான் கொன்னேன்."

டாக்டர் வாயைப் பிளந்தார்.

"என்ன சார் சொல்றீங்க?"

"நான்தான். என் பாம்பைக் கொளுத்தறேன்னான்ல? அந்த ஆத்திரம்."

"பாம்பு கடிச்சா சாக மாட்டாங்கன்னு இப்பதானே கையை நீட்டிக் காட்டினீங்க? எப்படிக் கொன்னீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பாம்பு சார் படுக்கையறைப் பக்கம் கையைக் காட்டினார். "தலையணை... தலையணையை முகத்துல அழுத்தினேன்."

"எந்தத் தலையணை?"

வெள்ளையைச் சொன்னால் அது அவளைக் காட்டிக்கொடுக்கும். "நீலப்பூ போட்டது."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "ரெண்டும் ஒரே ஜோடி தலையணை சார். நீலப்பூ உறை கசங்கிக் கிடக்கு. இன்னொண்ணு மட்டும் மடிப்புக் கலையாத வெள்ளை. பாம்பு மட்டுமா சட்டை உரிக்கும்? இந்த வீட்டுல தலையணையும் உரிச்சிருக்கு. உரிச்ச சட்டை துணி துவைக்கற இடத்துல, வாளிக்குள்ள ஈரமாக் கிடக்கு. வந்ததுமே பார்த்தேன். அர்த்தம் இப்பதான் புரியுது." அவர் பார்வை தங்கை மேல் நின்றது.

உண்மையைச் சொன்னபோது நம்பவில்லை. பொய்யைச் சொன்னால் அதையும் நம்பவில்லை. பாம்பு சார் இரண்டு கைகளையும் பிசைந்தபடி நின்றார்.

"போதும்ண்ணா."

தங்கை முன்னால் வந்தாள். குரல் தெளிவாக இருந்தது.

"நீ பட்டறையில வேலையா இருந்தப்ப பின்னறைக்குப் போய், டப்பாவோட தூக்கிட்டு வந்து, அவர் கை மேல கவுத்தேன். கடிச்சுது. கையை உதறிட்டு, திரும்பிப் படுத்துட்டார். நான் நாற்காலி மேல ஏறி உட்கார்ந்துக்கிட்டு கடிகாரத்தைப் பார்த்துட்டே இருந்தேன். அரை மணி நேரம்னு நீதானே எழுதியிருந்தே? அரை மணி ஆச்சு. ஒரு மணி நேரமும் ஆச்சு. அவர் குறட்டைதான் விட்டார். கீழ இறங்கினப்ப பாம்பு என் கால் மேலேயே ஏறிப் போச்சு. அப்பதான் புரிஞ்சுது... நீ பொய் சொல்லியிருக்கேன்னு."

"குட்டிம்மா..."

"எழுந்ததும் கையில கடி இருக்கும். என்னன்னு கேப்பார். அப்புறம் நான் இருக்க மாட்டேன். வேற வழி தெரியலண்ணா."

பாம்பு சார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"விபத்துன்னு எழுதியிருப்பாங்க. நீதான் உன் தொட்டிப் பெருமையை விட்டுக் கொடுக்கல. உன்னை ஜீப்புல ஏத்தியிருந்தா நானே சொல்லியிருப்பேன்." அவள் அவருடைய கட்டைவிரலைப் பார்த்தாள். "மருந்து போட்டுக்கோ."

அவ்வளவுதான். ஏட்டுக்குப் பின்னால் படியிறங்கத் தொடங்கினாள்.

பாம்பு சாருக்கு ஒரே ஒரு கேள்வி மிச்சமிருந்தது. தலையணை உறையை யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். அவள்தான் என்று எப்படி...? பாம்பு விழுந்தபோது இன்ஸ்பெக்டரும்தானே பதறி நாற்காலி மேல் ஏறினார்?

கேட்டேவிட்டார்.

வாசலில் நின்ற இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"ஏறினேன் சார், பயந்துதான் ஏறினேன். ஆனா மேல ஏறிப் பார்த்தாதானே தரையில யார் கால் மிச்சம் இருக்குன்னு தெரியும்? பாம்பின் கால் பாம்பறியும்பாங்க... போலீஸுக்கு மனுஷங்க கால் போதும்!"